'வாக் ஓவர்' யார் கொடுத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்தல் நெருங்கினால் உங்கள் பக்கங்களில் 'வாக் ஓவர்' என்ற சொல்லும் வந்துவிடுகிறது. எதிராளி களத்துக்கே வராமல் கிடைக்கும் வெற்றிக்குத்தான் அந்தப் பெயர். எதிர்த்தரப்பு அதிகம் அறிமுகமில்லாத ஒருவரை நிறுத்தினால், உடனே 'வாக் ஓவர் கொடுத்துவிட்டார்கள்' என்று எழுதுகிறீர்கள். 2025 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலை அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் புறக்கணித்தபோது, எங்கள் டீக்கடையிலும் இதே பேச்சுதான். ஆனால் நாம் தமிழர் கட்சி அங்கே போட்டியிட்டது, வாக்குப்பதிவு நடந்தது, அந்தக் கட்சிக்கு 20,000 ஓட்டுக்கு மேல் விழுந்தது. அது எப்படி வாக் ஓவர் ஆகும்?

நான் காசிமேட்டுக்காரன். என் மகள் குத்துச்சண்டை ஆடுகிறாள். போன வருடம் ஒரு போட்டி. விடியற்காலையில் எழுந்து வெறும் வயிற்றோடு எடை பார்க்கப் போனாள். கையில் துணிப்பட்டை சுற்றிவிட்டது நான்தான். ரிங்கில் ஏறி நீல மூலையில் நின்றாள். சிவப்பு மூலை காலி. மைக்கில் அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள், மணி அடித்தார்கள், ஒரு நிமிடம் பார்த்தார்கள். அப்புறம் நடுவர் என் மகளின் கையைத் தூக்கினார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பட்டையை அவிழ்த்தால், சுற்றியபோது இருந்த மாதிரியே உலர்ந்து கிடக்கிறது. மற்ற நாளில் பிழிந்துதான் கொடியில் போடுவேன். அந்தச் சான்றிதழை அவள் இன்றுவரை யாரிடமும் காட்டவில்லை.

குதிரைப் பந்தயத்தில் பிறந்த சொல் இது. மற்ற குதிரைகள் விலகி ஒன்றே ஒன்று மிஞ்சினால், அது ஓட வேண்டியதில்லை. தடத்தை நடந்து கடந்தாலே பரிசு.

அரசியலில் இதற்குப் பொருத்தமான உதாரணம் 2024 மக்களவைத் தேர்தலின் சூரத் தொகுதி. முன்மொழிந்தவர்களின் கையெழுத்துப் பிரச்சினையில் காங்கிரஸ் வேட்பாளரின் மனு தள்ளுபடியானது. மிச்சம் இருந்தவர்களும் வாபஸ் வாங்கினார்கள். ஏப்ரல் 22 அன்று பா.ஜ.க.வின் முகேஷ் தலால் போட்டியின்றித் தேர்வானதாக அறிவித்துவிட்டார்கள். ஒரு இடத்துக்கு ஒரே வேட்பாளர் என்றால் அப்படி அறிவிக்கச் சொல்வது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு. மே 7 அன்று குஜராத்தின் மற்ற தொகுதிகள் ஓட்டுப் போட்டன. சூரத்தின் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களில் ஒருவர் விரலிலும் மை இல்லை. நோட்டாவை அழுத்தலாம் என்று இருந்தவருக்கும் வழியில்லை.

இதற்கும் வாக் ஓவர், பலம் குறைந்த வேட்பாளருக்கும் வாக் ஓவரா? தோற்போம் என்று தெரிந்தே வெயிலில் தெருத்தெருவாகப் போய் ஓட்டுக் கேட்கிறவர் ரிங்கில் ஏறியவர். அடி வாங்கித் தோற்றவரை 'வரவே இல்லை' என்று எழுதுவது பெரிய அநியாயம். வேட்பாளர் பலவீனமானவர் என்றால் அப்படியே எழுதுங்கள். புறக்கணிப்பு என்றால் புறக்கணிப்பு என்று போடுங்கள். வாக் ஓவரைச் சூரத் மாதிரியான செய்திக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காசிமேடு, சென்னை-13