அது புதுமுகத்தின் ஆல்பம் அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க ராப் பாடகர் எம்எஃப் டூமின் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே' ஆல்பம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1999-இல், பெரிய நிறுவனங்களைச் சாராமல் வந்த ஓர் அண்டர்கிரவுண்ட் ராப் ஆல்பத்துக்கு இன்றைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்லவேண்டும். ஆனால் கட்டுரையாளர் அதை ஒரு புதுமுகத்தின் முதல் முயற்சியாக வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டிருக்கிறார். தனி ஆல்பம் என்ற கணக்கில் அது முதலாவதுதான். ஆள் புதிது இல்லை. அந்த ஓர் இடத்தில் பிசகியதால் மற்றதெல்லாம் சேர்ந்து பிசகிவிட்டது என்று எனக்குப் படுகிறது.

டூம் என்கிற டேனியல் டூமிலே அதற்குப் பத்து வருடம் முன்பே பாட வந்தவர். அப்போது அவர் பெயர் ஸெவ் லவ் எக்ஸ். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்தவர், தம்பி சப்ராக்கையும் சேர்த்துக்கொண்டு கேஎம்டி என்ற குழுவை நடத்தினார். எலெக்ட்ரா என்ற பெரிய லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், 1991-இல் அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அதைக் கேட்டால் கேலியும் குறும்புமாக ஒரு பையன் பாடுவது தெரியும். இரண்டாவது ஆல்பம் முடியும் தறுவாயில், 1993-இல், சாலையைக் கடக்கும்போது கார் மோதித் தம்பி இறந்துபோனார். மிச்ச வேலையை அண்ணன் தனியாக முடித்தார். 1994-இல் வெளிவர வேண்டிய நேரத்தில் அட்டைப்படத்தைக் காரணமாக்கி லேபிள் கைவிட்டுவிட்டது. கறுப்பர்களை இழிவுபடுத்தும் பழைய கேலிச்சித்திர உருவம் ஒன்று தூக்கில் தொங்குகிற படம் அது. தூக்கில் ஏற்றப்பட்டது அந்த இழிவுதான் என்பதைப் புரிந்துகொள்ள லேபிளுக்குப் பொறுமை இருக்கவில்லை. தம்பியும் இல்லை, குழுவும் இல்லை, முடித்த ஆல்பமும் கடைக்குப் போகவில்லை.

அப்புறம் மூன்று வருடத்துக்கு மேல் ஆளையே காணோம். மன்ஹாட்டன் தெருக்களில் நடந்தே திரிந்ததையும் பெஞ்சுகளில் படுத்ததையும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1997 வாக்கில் நியூயார்க்கின் நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபே என்ற சிறிய கவிதை அரங்கின் மேடையில், பெண்கள் அணியும் காலுறையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு பாடத் தொடங்கினார். அவர் அடையாளமாகிவிட்ட உலோக முகமூடி எல்லாம் பின்னால் வந்தது. இதைத்தான் உங்கள் கட்டுரையாளர் விளம்பர உத்தி என்கிறார். சிறிய அரங்கில், யாரென்று தெரியாதபடி முகத்தை மறைத்துக்கொண்டு பாடுகிறவருக்கு என்ன விளம்பரம் கிடைத்திருக்கும்? முன்பு முகத்தைக் காட்டிப் பாடியபோது என்ன நடந்தது என்று பார்த்தவர் அவர். அதனால் காமிக்ஸ் வில்லன் ஒருவனின் வேடம் கட்டி, தன்னையே 'அவன்' என்று படர்க்கையில் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்.

ஒலிப்பதிவு மங்கல் என்ற குறையும் கட்டுரையில் இருக்கிறது. மங்கல்தான், மறுக்கவில்லை. நானும் முதல்முறை கேட்டபோது இரண்டாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். கல்லூரி வானொலியில் நள்ளிரவு ராப் நிகழ்ச்சி நடத்திய பாபிட்டோ கார்சியாவின் சின்ன லேபிளான ஃபாண்டில் எம்தான் இதை வெளியிட்டது. பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாள இசையான பீட்டுகளில் பெரும்பாலானவை டூமே செய்தவை. பெரிய ஸ்டூடியோவின் மினுமினுப்பை இங்கே தேடுவது நியாயம் இல்லை. எம்எஃப் கிரிம் என்ற இன்னொரு ராப் பாடகருடன் பாடும் ஒரு பாட்டில் தாளம் இழுபட்டு நிற்கும், திடீரென்று ஓடும். அதைக் கோளாறு என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அந்தத் தள்ளாட்டத்தின் மேல் இரண்டு பேரும் வார்த்தை தவறாமல் நடக்கிறார்கள். கயிற்றின் மேல் நடப்பவனிடம் கயிறு ஆடுகிறது என்று புகார் சொல்வதா?

சரி, பாட்டுக்கு வருகிறேன். அடியின் கடைசியில் மட்டும் இயைபு வைத்துவிட்டு நகர்கிறவர் அல்ல டூம். அடியின் நடுவில் இரண்டு மூன்று அசைகள் சேர்ந்து ஒலித்து, அடுத்த அடியின் தொடக்கத்தில் மறுபடி வரும். நாம் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த சிலேடை போய்விடும். இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவர் தம்பியைக் கொண்டுவருகிறார். தலைப்புப் பாட்டின் பின்னணியில் ஓடுவது பிரிட்டிஷ் பாடகி சாடேயின் மென்மையான காதல் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த துண்டு. தற்செயலாகவே இருக்கட்டும், அந்தக் காதல் பாட்டு சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாக, வந்ததும் தம்பி இறந்த 1993-இல்தான். அதன் மேல், தம்பி போன இடத்துக்குத் தானும் போய்ச் சேரும்வரைக்குமான பேச்சு இது, கல்லறையில் எழுதப்போவதும் இதையே என்கிற பொருளில் பல்லவி வருகிறது. கேட்டால் சோகப்பாட்டு மாதிரியே இருக்காது. தலை தானாக ஆடும். வெறும் கேள்விக்குறியைத் தலைப்பாகக் கொண்ட இன்னொரு பாட்டில் வில்லன் வேடம் கொஞ்சம் விலகி, தன்னிடம் இருக்கும் தம்பியின் புகைப்படம் ஒன்றைச் சொல்லி அந்தத் தம்பியிடமே பேசுகிறார். காதல் பாட்டுகளைச் சுட்டுப் போட்டிருக்கிறார் என்று ஒரே வரியில் கட்டுரை தள்ளிவிட்டது இவற்றையும் சேர்த்துத்தான்.

டூமின் மறைவைக் கட்டுரை சரியாகவே குறிப்பிட்டிருக்கிறது. 2020 அக்டோபர் 31-இல் இறந்தார், குடும்பத்தினர் அறிவித்தது டிசம்பர் 31-இல். ஆனால் சப்ராக்கின் பெயர் அந்த இரண்டு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. அடுத்த இதழில் திருத்தம் போடும் மூலையில் ஒரு வரியாவது அந்தப் பெயருக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
நீண்டநாள் வாசகர் ஒருவர்