சின்னவளின்ர நடை

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், வவுனியாவில மழை விட்டுட்டுதோ? இங்க கிளிநொச்சியில வயல் வேலை ஒரு பக்கம், சின்னவளின்ர கிளினிக் ஒரு பக்கம் எண்டு ஓடித்திரியிறன்.

அவளுக்குப் பிறவியிலயே இதயத்தில நாலு பிழை, டெட்ராலஜி ஒஃப் ஃபலோ எண்டுறது. சின்னனில நடந்துகொண்டு போகேக்க சட்டெண்டு ஒழுங்கையில குந்திடுவாள், உதடு நீலமா இருக்கும், நாங்கள் கல்லுப் பொறுக்குறாளாக்கும் எண்டு நினைச்சம். பிறகுதான் டொக்டர் சொன்னவர், குந்தேக்க கால் ரத்தக்குழாய் நெரிபட்டு நுரையீரலுக்குக் கூடுதலா ரத்தம் போகுமாம், பிள்ளை தானாவே கண்டுபிடிச்ச வைத்தியம்.

மூண்டு வயசில ஒப்பரேசன், அதுக்குப் பிறகு ஏழு வருசம் கைக்க பொத்தித்தான் வைச்சிருந்தம். பள்ளிக்கூடத்தில பீ.ரி. பாடம் எண்டா அவளுக்கு வேப்பமரத்தடியில ஒரு கதிரை. ரீச்சரைக் குறை சொல்லேலாது, கடிதம் குடுத்ததே நான்தான்.

போன கிளினிக்கில வயரெல்லாம் கொழுவி ட்ரெட்மில்லில நடக்க விட்டுப் பார்த்திட்டு டொக்டர் எனக்குத்தான் ஏச்சு, இதயமும் தசைதானே, இருத்தி வைச்சா எப்பிடிப் பலப்படும் எண்டு. மற்றப் பிள்ளையளுக்கு ஒரு நாளைக்கு 60 நிமிசம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இவள் 15இல துடங்கி மெல்ல மெல்லக் கூட்டலாமாம். நடக்கேக்க கதைக்க ஏலோணும், ஒரு வசனம் முடிக்க ஏலாட்டி வேகத்தைக் குறைக்கோணும், நெஞ்சு நொந்தா, தலை சுத்தினா உடன நிப்பாட்டிக் காட்டோணும். பக்கத்தில இருந்த பொடியனுக்கு வால்வு நல்லா ஒடுக்கமாம், அவனுக்குப் பாரம் தூக்கிறது, கயிறிழுக்கிறது வேண்டாம் எண்டிட்டார். எல்லாருக்கும் இதய வருத்தம்தான், ஆனா ஆளுக்கொரு அளவு, அது எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது.

இப்ப பின்னேரம் வெயில் தாழக் குளக்கட்டில நடக்கிறம். கதைக்க வைக்கோணுமே எண்டு ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னன், ஏழெட்டில நிண்டிட்டாள், எனக்கு ஈரக்குலை நடுங்கிப் போச்சு, மூச்சு முட்டுதோ எண்டு கேட்டா இல்லையப்பா மறந்துபோச்சு எண்டுறாள்!

நீ பீ.ரி. வாத்தியார், உன்ர பள்ளிக்கூடத்திலயும் இப்பிடிக் கதிரையில ஒண்டு இருந்தா, தாய் தேப்பனிட்ட டொக்டர் என்ன சொன்னவர் எண்டு ஒருக்காக் கேட்டுப் பார் மச்சான். லீவுக்கு வா, கிளித்தட்டுக்கு ஆள் காணாது எண்டு உன்னையும் கேட்டவள்.