புது வண்டி வேண்டாம் பாப்பா

பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பேசிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அறுபது முடிகிறதே என்று எனக்குப் புது யெஸ்டி மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதாக வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தாய். "பேரும் அதே பேருதானுங்ப்பா, ரெண்டு சைலன்சரும் இருக்குது, பட்டனை அமுக்குனாக் கிளம்பிடும், அந்தப் பழசை யாருக்காச்சும் தள்ளிவிட்டுருங்க." உங்கம்மா இதை ரெண்டு தடவை போட்டுக் காட்டினாள், ரெண்டாவது தடவை சத்தத்தைக் கூட்டி வைத்து.

சரி, பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் ஷோரூமுக்குப் போனேன். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. 334 சிசி, தண்ணீரில் குளிரும் இன்ஜின், ஆறு கியர், முன்னும் பின்னும் டிஸ்க், ஏபிஎஸ். ஓட்டியும் பார்த்தேன். பிரேக்கைத் தொட்டால் நிற்கிறது, நம் வண்டி கொஞ்சம் யோசித்துத்தான் நிற்கும். எல்லாம் பார்த்துவிட்டு, இதில் ஏதாவது கோளாறு வந்தால் நானே எவ்வளவு தூரம் திறந்து பார்க்கலாம் என்று அந்தப் பையனிடம் கேட்டேன். அவன் மரியாதையாகத்தான் சொன்னான்: "நீங்க எதுக்குங்க சார் திறக்கோணும், சர்வீசுக்கு விட்டுட்டாப் போதுமுங்க." அவன் நல்லதாகத்தான் சொன்னான், ஆனால் அந்த இடத்திலேயே எனக்கு ஆசை விட்டுப்போனது. முப்பது வருஷம் லேத்தில் நின்றவன் நான், திறக்கக் கூடாத ஒரு சாமானை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நம் பழைய யெஸ்டி ரோட்கிங் 1987 மாடல். அதைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி 1961ல் செக் நாட்டு ஜாவாவின் உரிமத்தில் ஆரம்பித்தது, 1973லிருந்து யெஸ்டி என்று பெயர் வைத்து விற்றார்கள், 1996ல் கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது அதே பேரில் வருவது வேறு கம்பெனி வண்டி. யோசித்துப் பார், வண்டி செய்தவன் இல்லை, அவன் பாக்டரி இல்லை, முப்பது வருஷமாக ஒரிஜினல் உதிரி என்று ஒன்று தயாராகவில்லை, ஆனாலும் நேற்றுக் காலையில் அதில்தான் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய் வந்தேன். அதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை. அந்த வண்டிக்குள் இருக்கிற எதையும் ஒரு லேத்தும் ஒரு பிரஸ்ஸும் விஷயம் தெரிந்த ஒரு ஆளும் இருந்தால் செய்துவிடலாம். புது வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதே, எத்தனை பெட்ரோல் விடணும், எப்போது ஸ்பார்க் அடிக்கணும் என்று முடிவு செய்வதெல்லாம் அதுதான். கம்பெனி நாளைக்கு அந்த மாடலை நிறுத்திவிட்டால் அந்தப் பெட்டியை நான் எந்த லேத்தில் கடைவேன்?

கோயமுத்தூர் கணபதியில் பட்டறை இருந்த காலத்தில் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய், ஞாபகம் இருக்கும். கிராங்க் ஒன்று வரும், அதுதான் பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுற்றாக மாற்றும் தண்டு, ரெண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு தேய்ந்து லொடலொடவென்று ஆடும். பிரஸ்ஸில் வைத்துப் பின்னைத் தள்ளிப் பிரித்து, ராடும் பின்னும் பேரிங்கும் புதுசு போட்டுத் திரும்ப அழுத்தி, லேத்தில் ரெண்டு சென்டருக்கு நடுவே மாட்டி, ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜை வைத்துக் கையாலேயே மெதுவாகச் சுற்றணும். ஒரு சுற்றில் முள் ரெண்டு மூன்று கோட்டுக்கு மேல் ஆடினால் எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று சாக்பீசால் குறித்துக்கொண்டு அந்த இடத்தில் செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, திரும்பச் சுற்று, திரும்பப் பார். சில கிராங்க் ரெண்டு தட்டில் வந்துவிடும், சிலது பொழுதுக்கும் உயிரை எடுக்கும். நம் வண்டி கிராங்க்கும் அப்படி என் கையில் ஏறி இறங்கியதுதான். சிலிண்டரும் அப்படித்தான், 65 மில்லிமீட்டர் போர், அதாவது உள் அகலம், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், வார்ப்பிரும்பு. தேய்ந்தால் உள்பக்கத்தைக் கடைந்து ரீபோர் பண்ணி கால் மில்லி பெரிய பிஸ்டன் போடலாம், அதுவும் தேய்ந்தால் அரை மில்லி, அப்புறம் முக்கால், அப்புறம் ஒரு மில்லி. பல புது வண்டிகளில் சிலிண்டருக்குள் ஒரு பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். பூச்சு நன்றாக உழைக்கும், ஆனால் தேய்ந்தால் நம்மூர்ப் பட்டறையில் கடைந்து பிழைக்க வைக்க முடியாது, சிலிண்டரையே தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.

நம்மூரில் மோட்டார் தொழில் வந்த கதையே ஒரு வண்டியைப் பிரித்துப் பார்த்ததில்தான் ஆரம்பிக்கிறது. ஜி.டி. நாயுடு கலங்கல் கிராமத்துப் பையனாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயமுத்தூர் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டித்தான் இயந்திரம் படித்தார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டதெல்லாம் அதற்கு அப்புறம். அந்த ரட்ஜுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நேரம் நினைத்துப் பார்ப்பேன். நீ உடனே, "அவரா இருந்தா அந்தப் பெட்டியையும் பிரிச்சிருப்பாருங்ப்பா" என்பாய். பிரித்திருப்பார்தான்.

போன ஆவணியில் பக்கத்துத் தோட்டத்து மாமாவின் பையன் புது வண்டி எடுத்தான், எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்த மறுநாள் இட்டேரி மண்தடத்தில் சேற்றோடு தோட்டத்துக்கு வந்திருக்கிறான். சாயங்காலம் கிளம்பப் பார்த்தால் நியூட்ரலில் இன்ஜின் ஓடுகிறது, கியர் போட்டதும் பொத்தென்று நிற்கிறது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி கியர், மறுபடி பொத். கூப்பிட்டான், போனேன். பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, வேறு என்ன பார்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை. குட்டியானை லாரி வைத்து ஏற்றிக்கொண்டு போய் சர்வீஸ் சென்டரில் விட்டதற்கு, கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்து, சைடு ஸ்டாண்டு சுவிட்சில் சேறு போயிருக்கிறது என்றார்களாம். ஸ்டாண்டை எடுத்த பிறகும் எடுக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டு வண்டி இன்ஜினை நிறுத்தியிருக்கிறது. அந்த சுவிட்சு இருப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஸ்டாண்டை எடுக்க மறந்து வளைவில் விழுந்து கையை ஒடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு துளி சேற்றுக்கு ஒரு குட்டியானை வாடகை!

நம் வண்டி நின்றால் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். பெட்ரோல் இறங்குகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, சைலன்சர் அடைத்திருக்கிறதா. பொறி இல்லையென்றால் வலது பக்கத்து மூடியைக் கழற்றி, பொறிக்கான கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் பாயிண்ட்டுக்கு நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை விட்டு இழுத்தால் கறுப்பாக வரும், ஃபீலர் கேஜில் 0.4 மில்லி இடைவெளி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. வண்டி இழுக்கவில்லை என்றால் முக்கால்வாசி சைலன்சர்தான். ஒரே சிலிண்டருக்கு ரெண்டு சைலன்சர், ரெண்டுக்குள்ளும் ஓட்டை போட்ட குழல் ஒன்று இருக்கும், டூ ஸ்ட்ரோக் ஆயில் எரிந்த கரி அதில் தார் மாதிரி அப்பிக்கொள்ளும். உருவி எடுத்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் தென்னை மட்டையைப் போட்டு அதற்குள் செருகிவிடுவேன். முதலில் மஞ்சளாகப் புகையும், உங்கம்மா கொடியில் காயும் துணியை எல்லாம் திட்டிக்கொண்டே எடுப்பாள், அப்புறம் குழல் சிவந்து கரி பொருக்குப் பொருக்காக விழும். ஆறியதும் கல்லில் ரெண்டு தட்டுத் தட்டி மாட்டினால் வண்டிக்குப் பத்து வயது குறைந்துவிடும். இதற்கு ஆகும் செலவு மட்டைதான், அதுவும் நம் தோட்டத்து மட்டை.

ஓட்டுவதிலும் அது ஆளைச் சும்மா உட்கார விடுவதில்லை. சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலையை எடுத்துக்கொள், 27 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது சுலபம், ரெண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறிவிடும். இறங்குவதில்தான் சூட்சுமம். நம் வண்டிக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது, ஆக்சிலேட்டரை மூடிவிட்டால் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும். மூடியே வைத்துக்கொண்டு வெகுதூரம் இறங்கினால் பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அதனால் அவ்வப்போது கிளச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விடணும், காது அந்தச் சத்தத்திலேயே இருக்கணும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் வண்டியைப் பெரிதாக இழுத்தும் பிடிக்காது, எல்லாம் அந்த டிரம் பிரேக்தான். பண்ணாரி அம்மன் கோயிலுக்கு வந்து சேரும்போது உள்ளங்கை வலிக்கும். அந்த ஒரு மணி நேரம் வேறு எந்த யோசனையும் கிட்டே வராது, கடன், பட்டறையை மூடியது, உங்க பெரியப்பாவோடு வரப்புத் தகராறு, எதுவும். புது வண்டி எனக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது, அப்புறம் நான் அந்த வரப்பையேதான் நினைத்துக்கொண்டு ஓட்டணும்.

புகை விடுகிறது, மைலேஜ் இல்லை என்று நீ சொல்வது உண்மை. டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும், ஆயிலும் எரிகிறது, புகைச் சட்டம் இறுக இறுக அந்த இன்ஜின் ஒழிந்துபோனதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் கோபம் இல்லை. ஊரில் எல்லோரும் இதையே ஓட்டினால் மூச்சு விட முடியாது. நான் ஒருத்தன், அதுவும் சந்தைக்கும் தோட்டத்துக்கும். இப்போது பங்கில் வருவதே எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கிறது, பழைய ரப்பரை ஊற வைக்கிறது. பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் வாஷரையும் மாற்றிவிட்டேன், பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டும் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டேன், இல்லையென்றால் காற்று அதிகமாகி இன்ஜின் சூடேறுகிறது. ஆர்.சி. புதுப்பிக்கிற செலவு வேறு. 300 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 1,000 ஆக்கினார்கள், இருபது வருஷம் தாண்டிய வண்டிக்கு இப்போது 2,000. போய்த் தொலையட்டும், கட்டுகிறேன்.

ஆனால் ஒன்று, என் பேச்சைக் கேட்டு நீ உன் வண்டியை விற்றுவிட்டுப் பழைய வண்டி தேடிக்கொண்டு அலையாதே. போன தடவை வந்தபோது நம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தேன். கிக்கரையே உள்ளே தள்ளித் திருப்பிக் கியர் லீவராக்கி உன் சிநேகிதிக்குக் காட்டிக்கொண்டிருந்தாய். ஆசை தப்பில்லை, ஆனால் நீ பெங்களூர் நெரிசலில் ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்புகிறவள். அந்த ரோட்டில் உனக்கு ஏபிஎஸ் வேணும், வெளிச்சமான லைட் வேணும், நடுரோட்டில் பிளக்கைத் துடைக்காமல் கிளம்பும் இன்ஜின் வேணும். எனக்கு வண்டி நின்றால் மரத்தடி இருக்கிறது, டூல் பேக் இருக்கிறது, போகிற வருகிற நாலு பேர் "என்னங்க மாமா, ஆயிப்போச்சா?" என்று நின்று கேட்பார்கள். உனக்கு அங்கே பின்னாலிருந்து ஹாரன்தான் அடிப்பான்.

ஷோரூமில் முன்பணம் கட்டியிருந்தால் திருப்பி வாங்கிக்கொள். எனக்கு ஏதாவது செய்தே ஆகணும் என்றால் நல்ல டயல் கேஜ் ஒன்று வாங்கிக் கொடு, என்னுடையதில் முள் ஒட்டிக்கொள்கிறது. வார்டு சாலையில் ஒரு பையன் பட்டறை போட்டிருக்கிறான், பழைய டூ ஸ்ட்ரோக் எல்லாம் எடுக்கிறான், கிராங்க் சென்டர் பார்க்கக் கற்றுக்கொடுங்க என்று ரெண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

உன் வண்டிக்கு பிரேக் ஆயில் மாற்றி ரெண்டு வருஷம் ஆகியிருக்கும், சர்வீசில் கேட்டு மாற்றிவிடு, அவர்களாகச் சொல்வார்கள் என்று இருக்காதே. பொங்கலுக்கு சேலம் வழியாக வராமல் மைசூர், சாம்ராஜ்நகர், திம்பம் வழியாக வா. ராத்திரியில் காட்டுக்குள் விடமாட்டார்கள், ஆசனூரைப் பொழுதோடு தாண்டிவிடு. லாரி ஏறி வந்தால் வளைவில் முந்தாமல் நின்று வழி விடு. கிளம்பும் நாளை அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடு, அவள் பச்சை மாவு இடிக்கணும் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா
கிணத்துக்கடவு