சிக் வெப்பைக் கேள், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உனக்கு பால்டிமோரில் வேலை என்றதுமே எனக்கு ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் சிக் வெப் ஞாபகம்தான் வந்தது. சொந்தமாக ஒரு பேண்டு நடத்தியவர். அவர் பிறந்த ஊர் அது. கிழக்கு பால்டிமோரில் அவர் பெயரில் ஒரு ரெக்ரியேஷன் சென்டர்கூட இருக்கிறது. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டை உனக்குத் தெரியும் அல்லவா? 1935இல் அந்தப் பெண்ணை முதன்முதலாக ரெக்கார்டு செய்தது இவருடைய பேண்டுதான்.

வெப்புக்குச் சிறு வயதிலேயே முதுகெலும்பில் காசநோய். கூன் விழுந்து, உயரமும் நின்றுபோனது. பேப்பர் விற்ற காசில் டிரம்ஸ் வாங்கியதாகச் சொல்வார்கள். நோட்ஸ் படிக்கத் தெரியாது. மொத்த பேண்டின் வாசிப்பும் அவருக்கு மனப்பாடம். 1930களில் நியூயார்க்கின் ஹார்லெமில் லெனாக்ஸ் அவென்யூவில் இருந்த சவாய் பால்ரூம் என்ற நடன அரங்கம் அவர் கோட்டை. 1937 மே மாதம் அப்போது பெரும் புகழில் இருந்த கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் பேண்டு அங்கே போட்டிக்கு வந்து தோற்றுத்தான் போனது. குட்மேன் பேண்டின் டிரம்ஸ் சூரர் ஜீன் குரூபா, முடிவில் இவருக்குத் தலை வணங்கினாராம்.

ஆனால் இசைத்தட்டில் தேடினால் முதலில் ஏமாந்துபோவாய். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். அந்தக் கால மைக்கில் டிரம்ஸ் எங்கோ பின்னால்தான் கேட்கும். அவர் வாசிப்பில் பாதிகூடத் தட்டில் வரவில்லை என்றுதான் நேரில் கேட்டவர்களும் சொன்னார்கள். அதனால் அவர் தனியாக வாசிக்கும் சோலோவுக்காகக் காத்திருக்காதே. 1937இல் பதிவான ‘ஹார்லெம் காங்கோ’வை எடுத்துக்கொள். டிரம்பெட்டுகள் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியைக் கவனி. அதற்குள் சடசடவென்று ஒரு அடி விழும். அடுத்த வரி அதன் மேல் ஏறித்தான் கிளம்பும். கடைசியில் அவருக்கென்று ஒரு சோலோவும் வருகிறது. அதிலும் தாளம் இம்மி நகராது. 1938இன் ‘லைசா’வும் அப்படித்தான்.

எனக்கு ஒரு ஆதங்கம். ‘ஸ்டாம்பின் அட் த சவாய்’, ‘டோன்ட் பி தட் வே’ இரண்டும் இவர் பேண்டில் சாக்ஸபோன் வாசித்த எட்கர் சாம்ப்ஸன் போட்ட மெட்டுகள். இவர்கள் 1934இலேயே பதிவு செய்துவிட்டார்கள். பின்னால் அதே பாட்டுகளை குட்மேன் வாசித்தபோதுதான் ஊரெல்லாம் கொண்டாடியது.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பேண்டுக்கு வந்த பிறகு டெக்கா இசைத்தட்டுக் கம்பெனிக்கு வரிசையாகப் பாட்டுத் தட்டுகள். அதில் பல சுமார்தான், ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். 1938இல் ‘எ-டிஸ்கெட், எ-டாஸ்கெட்’ பிய்த்துக்கொண்டு போனது. குழந்தைப் பாட்டுதான், ஆனாலும் அந்தத் துள்ளலுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று கேட்டுப் பார். தன் பெயரில் ஓடும் பேண்டில் ஒரு இளம்பெண்ணை முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் உட்கார்ந்து வாசிக்க அந்த மனுஷனுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை.

1939 ஜூனில் உன் ஊர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில்தான் காலமானார். அதற்குச் சில மாதம் முன்பு, பிப்ரவரியில் பதிவானது ‘அன்டிசைடட்’. நோயாளி வாசித்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்குப் பிறகு அதே பேண்டை எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு தன் பெயரில் நடத்தினார்.

சரி, முதலில் ‘ஹார்லெம் காங்கோ’. ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதே, பேஸ் டிரம் காதிலேயே விழாது. நல்ல ஹெட்போன் இல்லையென்றால் சொல், பணம் அனுப்புகிறேன். அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா