யானை மேய்ந்ததுபோல் வெட்டு

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மகனுக்கு,

"பொன்சாய்க் காட்டுக்கென்று வாங்கிய செடியைக் கத்தரித்தேன், மொட்டையாக நிற்கிறது, செத்துவிடுமா அம்மா?" என்று கேட்டிருந்தாய். சாகாது. நீ வெட்டியது போதாது என்பதுதான் என் குறை. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் பஸ்ஸில் நின்றபடி "ம், ம்" என்பாய். எழுத்தில் இருந்தால் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு முறை பார்க்கலாம்.

நீ வாங்கியிருப்பது போர்ட்டுலகேரியா. அதன் சொந்த ஊர் தென்னாபிரிக்காவின் கிழக்குப் பகுதிப் புதர்க்காடு. 1931இல் அமைக்கப்பட்ட அட்டோ யானைப் பூங்காவில் யானைகள் விரும்பி மேய்வது இதைத்தான். யானை மேலிருந்து முறித்துத் தின்னும். தின்னும்போது சிந்துகிற கொப்புகள் விழுந்த இடத்திலேயே வேர்விட்டு மரமாகிவிடும். தரையோடு படர்ந்த கீழ்க்கொப்புகளை அது விட்டுவைப்பதால் அவையும் மண்ணைத் தொட்டு வேரூன்றும். ஆடு அப்படியல்ல. அது கீழிருந்து தொடங்கி அடிக்கொப்பையே அழித்துவிடும். ஆட்டுப் பண்ணைகள் பெருகிய இடங்களில் பெரும் பரப்புக்கு இந்தக் காடு அழிந்துபோனது அதனால்தான். மேலிருந்து தாராளமாக வெட்டினால் தழைக்கிற மரம் இது. நீயோ பயந்து பயந்து நுனியை மட்டும் கிள்ளியிருக்கிறாய். அப்படிக் கிள்ளினால் உச்சியில் ஒரு கொண்டையும் கீழே வெறுந்தண்டுமாகத்தான் வரும்.

ஒரு கொப்பைக் கண்ணருகில் பிடித்துப் பார். இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே இருக்கும். ஒரு சோடி இடமும் வலமுமாக நீட்டினால் அடுத்த சோடி முன்னும் பின்னுமாக நீட்டும். அதற்கடுத்தது மறுபடியும் இடமும் வலமும். எந்தச் சோடிக்கு மேலே வெட்டுகிறாயோ, அந்த இரண்டு இலைகளின் கக்கத்திலிருந்தும் தளிர் கிளம்பும். இலை காட்டும் திசையிலேயே தளிரும் போகும். ஆகவே கிளை எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை வெட்டுவதற்கு முன்பே நீ முடிவு செய்துவிடலாம். கிடையாக விரியவேண்டிய கொப்பென்றால் பக்கவாட்டில் நீட்டும் சோடிக்கு மேல் வெட்டு. மேலும் கீழுமாக நீட்டும் சோடிதான் வாய்த்தது என்றால் கீழ்நோக்கிய தளிரை நகத்தால் கிள்ளிவிடு. புதுத் தளிர் நான்கைந்து சோடி இலை விட்டபின் ஒரு சோடியோ இரண்டு சோடியோ மட்டும் விட்டு மறுபடி வெட்டு. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் கிளை கிளையாகப் பிரிந்து கிழட்டு மரத்தின் முகம் வந்துவிடும்.

கணுவை ஒட்ட வெட்டாதே. சிறு துண்டு விட்டு வெட்டு. வெட்டுவாயிலிருந்து அடுத்த கணுவரை தண்டு காய்ந்துகொண்டு போகும். ஒட்ட வெட்டினால் அந்தக் கணுவும் சேர்ந்து காயக்கூடும். சில வாரங்களில் விட்ட துண்டு சுருங்கிப் பழுப்பாகும், விரலால் தட்டினால் விழும். களிம்பு, பசை எதுவும் பூச வேண்டாம்.

கம்பி சுற்றி வளைக்கும் படங்களைப் பார்த்து ஆசைப்படாதே. பைன் மரத்துக்கு அது பொருந்தும். இதன் தண்டு நீர் நிறைந்தது, பருக்கத் தொடங்கினால் கம்பி தோலுக்குள் இறங்கிவிடும், அந்த வடு லேசில் மறையாது. தென்சீனாவில் லிங்னான் மரபு என்று ஒன்று உண்டு. வளரவிடு, வெட்டு, மறுபடி வளரவிடு என்பது அவர்கள் வழி. அங்கே கம்பியைவிடக் கத்தரிக்கோலுக்குத்தான் மதிப்பு. எனக்கும் அதுவே பிடித்தது. கம்பி சுற்றுகிறவர்கள் அவசரக்காரர்கள் என்பது என் எண்ணம். அப்பா மறுக்கிறார், ஆனால் அவர் ஒரு செடியும் வளர்ப்பதில்லை.

வெட்டிய கொப்புகளை எறிந்துவிடாதே. அவைதான் உன் காடு. பென்சில் தடிப்புள்ளவற்றைப் பொறுக்கி, அடி இலைகளை நீக்கி, நிழலில் ஒரு வாரம் சும்மா போட்டுவை. வெட்டுவாய் காய்ந்து தோல் மூடியபின் ஈரமில்லாத கலவையில் நட்டுவை. சில நாள் கழித்துத் தண்ணீர் காட்டு. பச்சைப் புண்ணோடு ஈரமண்ணில் குத்தினால் அழுகும். தலைமரமாக வரப்போகிற ஒன்றை மட்டும் தனிச்சட்டியில் ஒரு வருடம் இஷ்டத்துக்கு வளரவிடு. அதன் அடியில் ஒரு கொப்பை வெட்டாமல் நீளவிட்டால் அடிமரம் தடிக்கும். தடித்தபின் அந்தக் கொப்பை நீக்கிக்கொள்ளலாம்.

இனிக் காடு, அதாவது ஆழமில்லாத ஒரே தட்டில் பல மரங்களைச் சேர்த்து நடுவது. யப்பானியர் இதற்கு யோசே-உயே என்பார்கள். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். ஒன்பதுக்கு மேல் போனால் எண்ணிக்கையை யாரும் கவனிக்கப்போவதில்லை. மிக உயரமானதும் மிகத் தடித்ததும் ஒரே மரமாக இருக்கட்டும். அதைத் தட்டின் நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் வை. மற்றவை கல்யாண வீட்டுக் குழுப்படத்தில் நிற்பதுபோல் ஒரே வரிசையில் நிற்கக்கூடாது. எந்த மூன்று தண்டும் ஒரு நேர்கோட்டில் வராமலும், முன்னாலிருந்து பார்க்கையில் ஒன்று இன்னொன்றை மறைக்காமலும் இருக்கவேண்டும். மறைப்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணைத் தட்டின் விளிம்புக்கு இறக்கிப் பார்த்து நகர்த்து. சின்ன மரங்களைப் பின்னால் வைத்தால் ஆழம் கிடைக்கும். ஓரத்து மரங்கள் வெளிப்பக்கம் சற்றுச் சாயட்டும், வெளிச்சத்தைத் தேடி அவை அப்படித்தான் சாயும். உள்ளே நிற்கும் தண்டுகளில் கீழ்க்கொப்பு வேண்டாம். காட்டுக்குள் வெயில் படாத கொப்பு தானாகவே காய்ந்துவிடும் அல்லவா, அதை நீ முன்கூட்டியே செய்கிறாய்.

நட்டவுடன் எல்லாம் ஆடும். வேரும் குறைவு, தட்டும் ஆழமில்லாதது. நான் தென்னை ஈர்க்கில்களைச் சதுரம் சதுரமாகக் கட்டித் தட்டின் அடியில் வைத்து, தண்டுகளை அதில் தும்புக் கயிற்றால் கட்டிவிடுகிறேன். வேர் பிடித்தபின் தும்பும் ஈர்க்கிலும் மெல்ல உக்கிப்போகும். ரொறன்ரோ ஸ்காபறோவில் நீ தென்னைக்கு எங்கே போவாய்? இறைச்சி சுடும் மூங்கில் குச்சி போதும். அப்பால் ஒரு வேண்டுகோள்: அந்தக் காட்டுக்குள் பீங்கான் பாலம், தூண்டில் போடும் தாத்தா, சின்னப் புத்தர் எதையும் கொண்டுபோய் வைக்காதே. பத்தரமுல்லை தியத உயன செடிக்கடைகளில் இந்தப் பொம்மைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். பாசியும் வேண்டாம். பாசிக்கு எப்போதும் ஈரம் வேண்டும், இந்த மரத்துக்கு அது ஆகாது.

இதுவரை சொன்னது இங்கும் அங்கும் ஒன்றுதான். இனிச் சொல்வதில்தான் நீ என்னைப் பின்பற்றக்கூடாது.

கொழும்பில் என் சண்டை தண்ணீரோடு. இங்கே வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. ஏப்ரல், மேயில் ஒருமுறை, ஒக்டோபர், நவம்பரில் ஒருமுறை வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும். மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம். அதனால் என் தட்டில் மண் என்று சொல்ல அதிகம் கிடையாது. உடைத்துச் சலித்த செங்கல், பருமணல், கரித்துண்டு, ஒரு கைப்பிடி கூட்டெரு. ஊற்றிய தண்ணீர் மறுநிமிடம் கீழே வரவேண்டும். அது கீழ்வீட்டுக்காரரின் துணியிலும் சில வேளை விழுகிறது, அது வேறு வழக்கு. மழைமாதங்களில் பல்கனிக் கூரையின் கீழ் தட்டை இழுத்துவிடுவேன், அப்பாவின் சாரம் காயப்போட இடமில்லாமல் போகும். வெயிலுக்கு இங்கே குறைவில்லை. பகலின் நீளம் வருடம் முழுவதும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசப்படாது. அதனால் எந்த மாதமும் எனக்கு வெட்டுமாதம்தான்.

உன் சண்டை வெளிச்சத்தோடு. டிசம்பரில் ரொறன்ரோவின் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு, அதுவும் யன்னல் கண்ணாடிக்குள்ளால் வருவது. வெளிச்சம் போதாத இடத்தில் வளர்ந்தால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து தொங்கும். அதை வெட்டி வெட்டிச் சரிசெய்யமுடியாது, மறுபடியும் அதே மெலிவுதான் முளைக்கும். ஆகவே பனிக்காலத்தில் வெட்டாதே. செடிக்கென்று விற்கும் எல்ஈடி விளக்கைக் கிட்டத் தொங்கவிட்டுப் பன்னிரண்டு, பதினான்கு மணித்தியாலம் எரியவிடு. மே கடைசியில் இரவுக் குளிர் 10 பாகைக்கு மேல் நின்றதும் வெளியே வை. ஆனால் ஒரே நாளில் உச்சிவெயிலுக்குத் தள்ளாமல் முதலில் நிழலில் பழக்கு. கோடையில் பகல் பதினைந்து மணித்தியாலம் நீளும், அப்போது அது என் மரத்தைவிட வேகமாக வளரும். உன் பெரிய வெட்டையெல்லாம் ஜூனில் வைத்துக்கொள். செப்டெம்பரில் குளிர் இறங்கியதும் உள்ளே எடுத்துவிடு. உறைபனி ஓர் இரவு பட்டாலும் தண்டிலுள்ள நீர் உறைந்து எல்லாம் கூழாகிவிடும்.

"வாரத்துக்கு எத்தனை முறை தண்ணீர் விடுவது?" என்று மட்டும் என்னிடம் கேட்காதே. என் வாரம் வேறு, உன் வாரம் வேறு. இலையை இரு விரலால் அழுத்திப் பார். விறைப்பாக இருந்தால் விட்டுவிடு. தோல் சற்றுச் சுருங்கி மெத்தென்று மடிந்தால் தட்டின் துளைகளால் வழியும்வரை ஊற்று. வேர் வெட்டி மாற்றி நட்டிருந்தால் ஒரு வாரம் ஊற்றவே வேண்டாம்.

ஜேட் செடியும் கலந்து நடலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டு காரணத்துக்காக வேண்டாம். அதன் இலை பெருவிரல் அளவு, ஒரு சாண் மரத்தில் அது பொய்யாகத் தெரியும். இரண்டாவது, ஜேட் பூனைக்கு நஞ்சு. உன் பூனை எதையும் கடித்துப் பார்க்கிற சாதி. போர்ட்டுலகேரியாவைக் கடித்தால் ஆபத்தில்லை. மனிதரும் தின்னலாம். காலையில் ஓர் இலையும் மாலையில் ஓர் இலையும் மென்று பார், காலை இலை நன்றாகப் புளிக்கும். வறண்ட நாட்களில் இந்த மரம் பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில்தான் காற்றை உள்ளிழுத்து அமிலமாகச் சேர்த்துவைக்கும். பகல் வெளிச்சத்தில் அது செலவாகிவிடும், புளிப்பும் போய்விடும். நான் சிலவேளை பருப்புக் கறியில் நாலு இலை போடுவேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

இலைக் கக்கத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகக் கண்டால் அது மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துவிடு. எறும்பு ஏறுகிறதா என்றும் பார்.

மாமி அடுத்த மாதம் வரும்போது என் மரத்திலிருந்து கொப்பு கொடுத்துவிடச் சொன்னாய். மாட்டேன். வெளிநாட்டுச் செடியை அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் கனடாவுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். விமான நிலையத்தில் மாமி நின்று பதில் சொல்வதை நினைத்துப் பார். உன் ஒரு செடியிலிருந்தே ஒரு காட்டுக்கு வேண்டிய கொப்பு கிடைக்கும், கையை நீட்டி வெட்டினால். மாமியிடம் மிளகாய்த்தூளும் வேப்பம்பூ வடகமும்தான் வரும். வடகத்தை வெளியே வைக்காதே, அதையும் பூனை தின்றுவிடும்.

அன்புடன்,
அம்மா