‘மனிதப் பிழை’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

குன்னூர் ஹெலிகாப்டர் விபத்துக்கு ‘மனிதப் பிழை’ காரணம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் குறிப்பிடப்பட்டிருப்பதாக வெளிவந்த செய்தியைப் படித்தேன். மனம் ஒப்பவில்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் பறந்த எம்ஐ-17வி5 ரக ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்ததால் விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது என்று 2022 ஜனவரியில் விமானப்படையே சொன்னது. அதையெல்லாம் ஒரு சொல்லில் அடக்கினால், பதில் சொல்ல முடியாத விமானிமீது மட்டுமே பழி நிற்கும்.

மதுரை விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடியில் விமானங்கள் இறங்குவதைப் பார்க்க வாராவாரம் கூடும் எங்களில் சிலரும் அப்போது அவசரப்பட்டு விமானியைக் குறை சொன்னார்கள். அப்புறம் ஒருநாள் கொடைக்கானல் மலைச்சாலையில் மேகம் இறங்கி, முன்னால் போன பஸ்ஸின் பின்விளக்குகூட எனக்குத் தெரியாமல் போனது. காரை ஓரமாக நிறுத்திக்கொண்டேன். மலைக்கு நடுவே பறப்பவருக்கு நிறுத்த இடம் ஏது? வெளியே எதுவும் தெரியாதபோது எது மேல், எது கீழ் என்று உடல் சொல்வதே பொய்யாகிவிடும். கருவிகளைத்தான் நம்ப வேண்டும். ராணுவ ரகசியங்களை நீக்கிவிட்டு, விசாரணை முடிவுகளின் சுருக்கத்தை விமானப்படை வெளியிட வேண்டும். வானிலைத் தகவல் விமானிக்கு எப்போது, எப்படிக் கிடைத்தது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

– விமான ஆர்வலர், அவனியாபுரம், மதுரை