வண்டியை விடியலில் எடுங்கள்: ராமநாதபுரம் கடற்கரைக்குச் சாப்பாட்டுச் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆள் சேர்த்துக்கொண்டு எங்கள் பக்கம் வரும் அண்ணன்மார்களுக்கும் தங்கச்சிமார்களுக்கும் வணக்கம்.

உங்கள் விளம்பரமெல்லாம் வாட்ஸ்அப்பில் எனக்கும் வருகிறது, உங்கள் வண்டிகளில் சிலதை நானே ஓட்டியும் இருக்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கூட்டி வருகிறவர்கள் இந்த ஊர்ச் சாப்பாட்டை வாயில் வைக்காமலேயே ஊர் திரும்புகிறார்கள். காலையில் ராமேசுவரத்தில் 22 தீர்த்தம், பதினொரு மணி உச்சி வெயிலில் தனுஷ்கோடி, ரெண்டு மணிக்கு மேல் ஒரு ஏசி ஓட்டலில் வஞ்சிரம் வறுவல், சாயங்காலம் பாம்பன் பாலத்தில் நின்று போட்டோ, ராத்திரி பரோட்டா. வஞ்சிரமும் பரோட்டாவும் தாம்பரத்திலேயே கிடைக்குமே, அதற்கு எதற்கு இவ்வளவு தூரம் டீசல்?

குறை சமையலில் இல்லை, உங்கள் நேர அட்டவணையில்தான் இருக்கிறது. கோயிலும் கடலும் எந்த நேரம் போனாலும் அங்கேயே இருக்கும். பதநீர் இருக்காது. ஏலத்துக்கு வரும் மீன் இருக்காது. களத்தில் காயும் மிளகாய் வத்தல் மூன்று மாதம் கழித்து வந்தால் இருக்காது. இங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பொழுதும் பருவமும் உண்டு, அதைப் பார்த்துத்தான் வண்டி கிளம்ப வேண்டும்.

போன சீசனில் உங்களில் ஒருவர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு மகாராஷ்டிரத்து நாசிக் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே தங்க வைக்கிறார்கள், பழம் பறிப்பதிலிருந்து ஒயின் புட்டியில் அடைப்பது வரை காட்டுகிறார்கள், ஒவ்வொரு மடக்காகக் குடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள், அப்படி ஒன்று நம் பக்கம் இல்லையே என்றார். திராட்சைதான் வேண்டுமென்றால் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போங்கள், அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. எங்கள் உப்புக்காற்றுக்கும் மணலுக்கும் திராட்சைப் பந்தல் சரிப்படாது. எங்களுக்குத் தோட்டம் என்றால் பனங்காடுதான். கீழக்கரை தாண்டி, ஏர்வாடி தாண்டி, சாயல்குடி வரைக்கும் ரோட்டின் ரெண்டு பக்கமும் நிற்கிறதே அது. உங்கள் வண்டி அதை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் தாண்டிப் போகிறது.

மாசி, பங்குனியில் பாளையை, அதாவது பனையின் பூங்குலையை, சீவ ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் ஓடும். விடிவதற்கு முன்பே பனையேறி மரத்தில் இருப்பார். கலயத்தில் ராத்திரி முழுக்கச் சொட்டியதை இறக்கிவிட்டு, பாளையின் நுனியை மறுபடி மெல்லிசாகச் சீவி விட்டு இறங்குவார், சாயங்காலம் அதே மரத்தில் திரும்ப ஏறுவார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் கலயத்திலேயே புளித்து நுரைத்துக் கள்ளாகிவிடும். மரமும் அதேதான், பாளையும் அதேதான், நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. ஒயின் எப்படிப் புளிக்கிறது என்று நாசிக்கில் அரைமணி நேரம் விளக்குகிறார்களாம், இங்கே அதே விஷயத்தைப் பனையேறி ஒரு விரலை நீட்டிக் காட்டிவிடுவார்.

இறக்கியவுடன் குடித்தால்தான் அது பதநீர். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து ஊற்றிக் கொடுப்பார்கள், ஓலை வாசமும் சுண்ணாம்பின் லேசான காரமும் நாக்கில் தெரியும், ஒரு நுங்கைத் தோண்டி அதில் போட்டுக் குடித்தவர்கள் அப்புறம் பாட்டில் பதநீர் பக்கம் திரும்பமாட்டார்கள். மதியம் மூன்று மணிக்கு வந்து நின்றுகொண்டு "பதநீர் இல்லையா?" என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த நேரம் அது அடுப்பில் இருக்கும்.

அந்த அடுப்பைத்தான் நீங்கள் காட்ட வேண்டும். விடிலி என்று சொல்வோம், பனங்காட்டுக்குள் ஓலை வேய்ந்த குடிசை. அகன்ற சட்டியில் பதநீரை ஊற்றி, காய்ந்த பனமட்டையையும் ஓலையையும் எரித்து, வீட்டுப் பெண்கள்தான் காய்ச்சுவார்கள். பொங்கி வழியாமல் இருக்க நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுவார்கள். நுரை முதலில் வெள்ளையாக இருக்கும், பிறகு பழுப்பாகும், கொதிக்கிற சத்தமே மாறிப்போகும், துளி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள், கரையாமல் உருண்டு நின்றால் பதம். உடனே இறக்கிக் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. நான் கூட்டிப்போன ஒரு குடும்பத்துச் சின்னப் பையன் சட்டியின் ஓரத்தில் ஒட்டியதைச் சுரண்டித் தின்றுவிட்டு நகரவே மாட்டேன் என்றான். காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா சிரித்துக்கொண்டே, "எங்க புள்ளைகளும் இப்படித்தான் சார், ஆனா ஒருத்தனும் மரம் ஏற வரமாட்டேங்கிறான்" என்றார்.

அங்கேயே, அந்தச் சட்டி அடியிலேயே, கருப்பட்டி வாங்க வையுங்கள். கடைத்தெருவில் சீனி கலந்ததைப் பளபளப்பாக வைத்து விற்கிறார்கள், விலையும் குறைவு. விடிலிக்காரர் அந்த விலைக்குக் கொடுக்க முடியாது. விலை பேசாதீர்கள் என்று உங்கள் ஆட்களிடம் வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

கள்ளைப் பற்றியும் பேசிவிடலாம், ஏனென்றால் எல்லா வண்டியிலும் ஒருத்தராவது என் தோளைத் தட்டி மெதுவாகக் கேட்கிறார். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987-லிருந்து தடை. பக்கத்துக் கேரளாவில் போர்டு வைத்த கள்ளுக்கடையில் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் போட்டுக் குடும்பத்தோடு உட்கார வைக்கிறார்கள், இங்கே அரசே கடை போட்டு அதைவிடப் பல மடங்கு போதையுள்ள சரக்கை விற்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சட்டம் இப்போதைக்கு அதுதான். நீங்கள் கேமராவோடு போய் "அண்ணே, கொஞ்சம் கள்ளு இறக்குங்க" என்று பனையேறியை உசுப்பிவிட்டு ரீல்ஸ் போட்டால், நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், ஸ்டேஷனில் உட்காரப்போவது அவர். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது மீன். உங்கள் கூட்டமெல்லாம் மே மாசப் பள்ளி லீவில்தான் வருகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பாம்பனிலும் மண்டபத்திலும் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், நீங்கள் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துவிட்டுப் போய் மதியம் கட்டும் பில் பல இடங்களில் வெளியூர் ஐஸ் மீனுக்கு. அந்த ரெண்டு மாசமும் நாட்டுப்படகும் கரைவலையும்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதில் வருவது சின்ன மீன்: சூடை, காரல், முரல், நகரை, கிடைத்தால் ஓரா. எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் ஓரா கிடைக்குமா என்றுதான் முதலில் பார்ப்போம், வஞ்சிரத்தை அல்ல. முள் இருக்கிறது, பில்லில் போட்டால் பெரிய பெயரில்லை என்று ஓட்டல்காரர்கள் தொடுவதில்லை. நீங்கள் முதல் நாளே சொல்லி வைத்தால் கடலோரக் கிராமங்களில் சமைத்துத் தர ஆள் இருக்கிறார்கள், மண்சட்டியில் புளியைக் கரைத்து ஊற்றிய குழம்பும் வெறும் உப்பு மஞ்சள் போட்ட காரல் தண்ணியும் சுடுசோறும் போதும். அதோடு சேர்த்துச் சொல்கிறேன், மே மாசம்தான் நுங்குக்கும் பதநீருக்கும் உச்சம். படகு ஓய்கிற நேரத்தில் பனை கொடுக்கிறது, நீங்கள் விளம்பரத்தில் இறால் படத்தைப் போட்டு வைத்திருக்கிறீர்கள்!

மீன்தான் வேண்டும் என்பவர்களை ஆடிக்குப் பிறகு கூட்டி வாருங்கள், விடியற்காலை இறங்குதளத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஏலம் விடும் வேகத்தில் பாதி புரியாது, புரியாவிட்டாலும் பரவாயில்லை. குறுக்கே மட்டும் நிற்காதீர்கள், ஐஸ் பெட்டி இழுக்கிறவருக்கு உங்கள் வீடியோவைவிட அவசரம் அதிகம்.

வத்தலைப் பற்றி ஒரு டிரைவராகத்தான் சொல்லமுடியும். மாசி, பங்குனி, சித்திரையில் கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் போனால் ரோட்டில் பாதி சிவப்பாக இருக்கும், மீதிப் பாதியில்தான் நாங்கள் ஓட்டுவோம், வண்டிக் கண்ணாடியை ஏற்றினாலும் தும்மல் நிற்காது. அதுதான் முண்டு மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, குண்டாக, தோல் தடித்து, கருஞ்சிவப்பாக இருக்கும். மானாவாரியில், கிடைக்கிற ஐப்பசி மழையை வைத்து விளைவிக்கிறார்கள். பெண்கள் குத்த வைத்து உட்கார்ந்து வெளுத்த காயைத் தனியாகப் பொறுக்கும் வேலையை ஒரு பத்து நிமிடம் உங்கள் ஆட்களைச் செய்ய விடுங்கள், கை எரியும், அப்புறம் ஒரு கிலோ வாங்கும்போது மலிவாகக் கேட்கமாட்டார்கள். ராத்திரி அவர்கள் சாப்பிடும் மீன்குழம்பின் நிறம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

கீழக்கரைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். தொதல் என்ற அல்வா மாதிரியான இனிப்பை இணையத்தில் வாங்கிச் சாப்பிடுவது வேறு, கிண்டுகிற இடத்தில் நிற்பது வேறு. அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் துடுப்பைப் போட்டுக் கிண்டவேண்டும், எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் திரளும் வரைக்கும் கை ஓயக்கூடாது. இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் இதே பண்டம் உண்டு, இந்தக் கரையின் முஸ்லிம் கடல் வணிகர்களான மரக்காயர்கள் கப்பலோட்டிய வழி அது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டலப்பமும் அப்படித்தான், கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். ரமலானில் வந்தால் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி யாருக்கும் இல்லையென்று சொல்லமாட்டார்கள், ஆனால் அது உங்கள் சுற்றுலாவின் "ஐட்டம்" கிடையாது, அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு வசூலிக்காதீர்கள்.

சுற்றுலாத் துறை அதிகாரிகள் யாராவது படித்தால் உங்களுக்கும் ரெண்டு வரி. கடற்கரையில் இன்னொரு உணவுத் திருவிழாப் பந்தல் வேண்டாம். கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரைக்கும் பெண்கள் இறங்கிப் போக நல்ல கழிப்பறை நாலு இடத்தில் கட்டுங்கள், மிளகாய் காயப்போட ரோட்டை விட்டுத் தள்ளிக் களங்கள் போடுங்கள். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். செங்கல் சூளைக்கு லோடு ஏறும் பனந்துண்டுகளை ராத்திரியில் ரோட்டில் நாங்கள் இன்னமும் பார்க்கிறோம்.

வரும் சீசனுக்கு அட்டவணை போடுகிறவர்கள் தை மாசத்திலேயே பேசுங்கள். எந்தப் பக்கம் பாளை நன்றாக வருகிறது, யார் விடிலி போடுகிறார்கள் என்பது மாசிக்குள் தெரிந்துவிடும். ஒரு விடிலிக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், முன்பணம் அவர்கள் கையில் நேரடியாகக் கொடுத்துவிட வேண்டும், வண்டி ராமநாதபுரத்திலிருந்து நாலரை மணிக்குக் கிளம்பியாக வேண்டும். பாத்ரூம் வரிசை, காபி வரிசை என்று ஆறு மணியாக்குவதாக இருந்தால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளை ஓட்டும் ராமநாதபுரத்துக்காரன்